தானாகப் போகும் கை

பத்து வருஷமாக நாளொன்றுக்கு நானூறு பைகளுக்குள் போய்வந்த கை, மாடிக்குப் போனதும் மரியாதை கற்றுக்கொள்ளும் என்று அவன் எப்படித்தான் நம்பினானோ தெரியாது.

ஒரு பெரிய ஹோட்டலின் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத சலவைப் பிரிவில் அவனுக்கு வேலை. மேல் மாடிகளிலிருந்து தள்ளுவண்டிகளில் அழுக்குத் துணி வந்து குவியும். மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியின் பையையும் துழாவ வேண்டும். அகப்பட்டதைக் காகித உறைக்குள் போட்டு, அறை எண்ணை எழுதி, சுவரில் இருக்கும் பூட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு பேனாவை விட்டுவிட்டான். அறுபது வெள்ளை மேசைவிரிப்புகள் நீலமாக வெளியே வந்தன. அன்றைக்குப் பயந்துபோன கை, அதன்பிறகு அவனைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. துணியைக் கண்டால் பை, பையைக் கண்டால் உள்ளே. கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்குத் துழாவி என்று பெயர் வைத்தார்கள். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றால் கை அவள் மேல்சட்டைப் பைக்குள் போய்விடும்.

"என்னங்க, நான் என்ன அழுக்குத் துணியா?" என்பாள் அவள்.

"கை தானா போயிடுச்சும்மா."

"அது தானா போகட்டும். தானா ரெண்டு பாத்திரம் கழுவிட்டும் போகட்டும்."

இப்படிப்பட்டவனுக்கு மேல் வேலைக்கு ஆசை வந்தது. மாடியில் விருந்தினர்களின் துணிகளை வாங்கிக்கொண்டு வந்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை அது. சீருடை, காற்று, ஜன்னல் எல்லாம் உண்டு. அவனுக்கு அதெல்லாம் பெரிதில்லை. மேல் வேலை மதியம் இரண்டரைக்கு முடிந்துவிடும். மகளின் பள்ளி மூன்று மணிக்கு விடும். அவனுடைய கீழ் வேலையோ ஆறு மணி வரை. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறரை வரை நிற்கிறாள். ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிவரும் பொறுப்பு, வேறு வழியில்லாமல், மச்சானிடம் போயிருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வேலை தேட இரண்டே வாரம் தங்குகிறேன் என்று வந்து எட்டு மாசமாகிறது. தேடின வேலை கிடைக்கவில்லை, ஆனால் போனில் ஒரு வகுப்பு கிடைத்துவிட்டது. 'விழிப்போடு வாழ்வது எப்படி.' அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு விழிப்பாக இருக்க ஆரம்பித்தார். போன மாசம் ஒரு நாள் அப்படி விழிப்பாக இருந்ததில் பள்ளிக்கூடத்தையே மறந்துவிட்டார். குழந்தை முக்கால் மணி நேரம் மழையில் கேட்டுக்கு வெளியே நின்றது. காவல்காரர் தன் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாராம். அன்று இரவு மகள் கேட்டாள், "அப்பா, நீ ஏன் வர மாட்டேங்கிற?" மறுநாளே மேல் வேலைக்கு மனுப் போட்டான்.

திங்கட்கிழமை சோதனை. பதினோராம் மாடியில் ஒரு பெரிய மனிதரின் அறை. மேனேஜர் கையில் அட்டையுடன் ஓரமாக நின்றார். இஸ்திரி போட்ட கோட்டை விரித்துப் பிடிக்க வேண்டும், அவர் கைகளை நுழைத்ததும் தோளை நீவிவிட வேண்டும், ஓரடி பின்னால் போய் நிற்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தது, அந்த ஓரடியைத் தவிர. தோளை நீவின கை, போகிற போக்கில் கோட்டின் உள்பைக்குள் இறங்கி ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய் வேறு கையோடு சேர்ந்துகொண்டது.

"ரூம் நம்பர் என்ன?"

பெரிய மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ நிக்கிறதே என் ரூம்லதானேப்பா?"

வெளியே வந்ததும் மேனேஜர் அட்டையால் விசிறிக்கொண்டார். "நாலு வாரம் தர்றேன். அந்தக் கையை அடக்கிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

"சரிங்க சார்" என்றான் துழாவி.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மச்சானுக்கு முகமெல்லாம் வெளிச்சம். எட்டு மாசமாக ஆள் கிடைக்காமல் தவித்த வைத்தியருக்கு நோயாளி நடந்தே வந்துவிட்டான்.

"மாப்ளே, உங்க பிரச்சினை கை இல்லை. நீங்க தூங்கிக்கிட்டே வாழுறீங்க."

"நான் அஞ்சரைக்கே எழுந்துடறேனே மச்சான்?"

"அந்தத் தூக்கம் இல்லை, உள்தூக்கம். மனுஷன் செய்யற காரியத்துல பாதிக்கு மேல தன்னை அறியாமலே செய்யறான்" என்று சொல்லிக்கொண்டே மச்சான், துழாவியின் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார். மேசைக்கடியில் அவருடைய கால் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர்க் குவளைகள் மூன்றும் சேர்ந்து நடுங்கின. "அஞ்சு படி இருக்கு. நில். மூச்சு விடு. பார். கேள். தேர்ந்தெடு. எந்தக் காரியமா இருந்தாலும் இந்த அஞ்சையும் தாண்டித்தான் கை போகணும்."

"அஞ்சு படி ஏறி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்ணா" என்றாள் மனைவி.

"போகட்டும். பஸ் போறதைக் கவனி."

"நீ கவனிச்ச லட்சணத்துலதான் என் பொண்ணு மழையில நின்னா."

மச்சான் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் அவருக்கு உடனே மூச்சு வந்துவிடும்.

ஆனாலும் துழாவிக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுநாளே ஐந்து படிகளையும் வேலைக்குக் கொண்டுபோனான். முதல் சட்டையைக் கையில் எடுத்தான். நின்றான். மூச்சு விட்டான். பார்த்தான். 'உள்ளே போகட்டுமா?' என்று தன்னையே கேட்டான். பிறகு, தேர்ந்தெடுத்து, கையை விட்டான். ஒரு சட்டைக்கு முக்கால் நிமிஷம். பத்து மணிக்குள் தள்ளுவண்டிகள் நடைபாதை வரைக்கும் வரிசை கட்டி நின்றன.

இஸ்திரி போடும் அண்ணன் நீராவிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா துழாவி, சட்டையோட பேச்சுவார்த்தையா?"

"கையைப் பழக்கறேன் அண்ணே."

"எதுக்கு? கரெக்டா போய்க்கிட்டிருந்த கை. நல்லா ஓடுற மெஷினைக் கழட்டிப் பார்க்கறவனை இப்பதான் பார்க்கறேன்."

அவன் விடவில்லை. இரண்டாம் வாரத்தில் ஐந்து படியும் சுருங்கி ஒரே ஒரு கண்ணிமைப்பு ஆகிவிட்டது. துணி, ஒரு நிறுத்தம், பிறகு கை. வண்டிகள் பழையபடி நகர்ந்தன. ஆனால் மச்சானின் வகுப்பில் சொல்லாத வேறு ஒன்று நடக்க ஆரம்பித்தது. பையிலிருந்து எடுக்கும் பொருள் அவன் கண்ணில் படத் தொடங்கியது.

பத்து வருஷத்தில் லட்சக்கணக்கான பொருளை எடுத்திருக்கிறான். நேற்று என்ன எடுத்தாய் என்று கேட்டிருந்தால் ஒன்றைக்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது. எடுத்தது கை, உறையில் போட்டது கை. இப்போதோ ஒரு பெண்ணின் மேல்சட்டையில், பேப்பரில் பொதிந்த பால்பல் ஒன்று. ஒரு கிழவரின் கால்சட்டையில் ஏழு துண்டுச் சீட்டுகள், ஏழிலும் 'மன்னிச்சிடு' என்ற ஒரே வார்த்தை, ஏழிலும் அதைக் கோடு போட்டு அடித்திருந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு எப்படி அடுத்த சட்டையை எடுப்பது?

ஒரு நாள் ஒரு கோட்டிலிருந்து விரலளவு இசைப்பெட்டி ஒன்று வந்தது. சாவியைத் திருகினால் பாடியது. மகளின் முகம் கண்முன் வந்தது. கண்ணிமைப்பு நேரம் நிற்க வேண்டியவன் தேநீர் இடைவேளை முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தான் யோக்கியன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். யோக்கியமாக இருந்தது கை. அவனை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. கடைசியில் உறைக்குள் போட்டு எண்ணை எழுதினான், கையெழுத்து கோணலாக விழுந்தது.

"மச்சான், முன்னாடி நான் திருடணும்னு நினைச்சதே இல்லை. உங்க அஞ்சு படிக்கு அப்புறம்தான் நினைக்கிறேன்" என்று அன்று சாயங்காலம் சொன்னான்.

"அற்புதம்! அதுதான் முன்னேற்றம்" என்றார் மச்சான்.

"நாலு நாள்ல ஜெயிலுக்கே முன்னேறிடுவாரு" என்றாள் மனைவி.

மூன்றாம் வாரம் கை அடங்கிவிட்டது. பஸ்ஸில் நெரிசலில் மூன்று கோட்டுகளுக்கு நடுவே நசுங்கி வந்தான், கை கம்பியை விட்டு அசையவில்லை. இறங்கும்போது ஓட்டுநரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. இன்னும் ஒரு வாரம், பிறகு மறுசோதனை, பிறகு இரண்டரை மணி, பிறகு பள்ளிக்கூடத்து கேட். மகளிடம்கூடச் சொல்லிவிட்டான். அவள் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அந்த வாரத்து வியாழக்கிழமைதான் மேனேஜருடைய கோட் சலவைக்கு வந்தது. அதிகாரிகளின் துணியும் அங்கேதான் வெளுக்கும். உள்பையில் நாலாக மடித்த ஒரு தாள். பழைய கையாக இருந்தால் மடித்தது மடித்தபடி உறைக்குள் போயிருக்கும். புதிய கை நின்றது, பார்த்தது. மடிப்புக்கு வெளியே அவனுடைய சொந்தப் பெயர் தெரிந்தது. சம்பளச் சீட்டில் மட்டுமே வாழும் அந்தப் பெயர்.

பிரித்தான். மேல் வேலைக்கு ஆள் எடுத்ததைப் பற்றி மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். 'உள்ளிருந்து இவரைச் சோதித்தோம். தகுதி பெறவில்லை. எனவே வெளியிலிருந்து இன்னாரை நியமிக்கிறோம்.' இன்னார் யாரென்று எல்லாருக்கும் தெரியும், மேனேஜரின் அக்கா மகன். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தேதி வெள்ளிக்கிழமை. சோதனை நடந்ததோ அதற்கடுத்த திங்கட்கிழமை.

அதாவது, சீப்பு வெளியே வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவன் தோற்றிருந்தான். கை அடங்கியிருந்தாலும் தோல்வி, அடங்காவிட்டாலும் தோல்வி.

இஸ்திரி அண்ணன் அவன் தோளுக்கு மேலே எட்டி வாசித்துவிட்டார். "கோட்டோட சேர்த்து மெஷின்ல போட்டுடு. கூழாயிடும். உனக்கும் நிம்மதி, அந்தாளுக்கும் நிம்மதி."

துழாவி தாளை மடித்தான். உறையில் போடவில்லை, பெட்டியில் தள்ளவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக, எடுத்த பொருளைத் தன் சொந்தச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றான். தன்னைப் போல எவனாவது ஏறியிருந்தால்?

வீட்டில் தாள் மேசைமேல் விரிந்தது.

"போட்டோ எடுங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்றாள் மனைவி.

"வேண்டாம் மாப்ளே" என்றார் மச்சான். "இது ஒரு அனுபவம். கோபம் வருதா? வெறுமனே கவனிங்க."

"கவனிச்சாச்சு. அடுத்தது என்ன செய்யறதுன்னு உன் வகுப்புல சொல்லலையாண்ணா?"

"அது ரெண்டாம் நிலை வகுப்பு. நான் இன்னும் சேரலை."

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, வட்டம் போட்ட தேதிக்கு வருவேதானே?"

மச்சானுக்கு மூச்சு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் துழாவி மேனேஜர் அறைக்கதவைத் தட்டினான். உள்ளே போய்த் தாளை மேசைமேல் வைத்தான். மேனேஜர் பிரித்துப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"இது... கோட்டுல இருந்துச்சா? பெட்டியிலதானே போடணும்?"

"ஆமா சார். போடலை."

"உன் கை இன்னும் அடங்கலைன்னு அர்த்தம்."

"கை அடங்கிடுச்சு சார். இதை எடுத்தது, படிச்சது, கொண்டுவந்தது எல்லாம் நான்தான்."

மேனேஜர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "யார்கிட்டயாவது காட்டினியா?"

"என் பொண்டாட்டி பார்த்தா சார்."

"அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"அவகிட்ட ஒண்ணைச் சொல்லுன்னும் சொல்ல முடியாது, சொல்லாதேன்னும் சொல்ல முடியாது சார். பதினோரு வருஷமா முயற்சி பண்றேன்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உனக்கு என்னதான் வேணும்? மேல் வேலையா? அது முடிஞ்சுபோன விஷயம்."

மேல் வேலை வேண்டும் என்று சொல்லத்தான் அவன் படியேறி வந்தான். வாய் திறந்தது. அங்கே ஒரு கண்ணிமைப்பு நின்றான். மூன்று வாரப் பழக்கம் அல்லவா? மேல் வேலை எதற்கு? சீருடைக்கா, ஜன்னலுக்கா?

"வேண்டாம் சார். அதை உங்க அக்கா மகனே வச்சுக்கட்டும். கீழேயே காலை ஷிப்ட் இருக்கு. ஆறு மணிக்கு வந்தா ரெண்டரைக்கு விடலாம். எனக்கு அதைக் கொடுங்க. மூணு மணிக்கு நான் பள்ளிக்கூடத்துல இருக்கணும்."

மேனேஜருக்கு உயிர் வந்தது. அவர் தன் பழைய தோரணைக்குத் திரும்பிவிட்டார். தாளை இழுப்பறையில் போட்டு மூடினார். "பார்க்கலாம்" என்றார்.

துழாவியின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. 'சரிங்க சார்' என்பதன் முதல் எழுத்து பல்லிடுக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். பத்து வருஷமாக அவர் பார்க்கலாம் என்பார், இவன் சரிங்க சார் என்பான், கதவு சாத்திக்கொள்ளும். லீவு கேட்டபோது, கையுறை கேட்டபோது, நீராவிக்குழாய் ஒழுகுகிறது என்று சொன்னபோது, எல்லாத் தடவையும் இப்படித்தான். மூன்று வாரமாகக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு திரிந்தானே, கையா குற்றவாளி? பாவம், அது வேலையைத்தான் செய்தது. தானாகப் போய்க்கொண்டிருந்தது இந்த வாய்.

வாயை மூடினான். நகரவில்லை.

மேனேஜர் கோப்பு ஒன்றைத் திறந்தார். ஆள் போயிருப்பான் என்று நிமிர்ந்தார். ஆள் நின்றான்.

"என்னப்பா? பார்க்கலாம்னு சொல்லிட்டேனே?"

பதில் இல்லை.

"அடுத்த மாசம் பார்க்கலாம்."

பதில் இல்லை. துழாவிக்கு ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லி ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது. சொல்லவில்லை. மேனேஜரோ அமைதியைத் தாங்கிப் பழகாதவர். சரிங்க சார் வராத இடத்தில் அடுத்து என்ன சொல்வதென்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மூடிய இழுப்பறையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு ஷிப்ட் அட்டவணையை இழுத்து, ஒரு கட்டத்தை அடித்து இன்னொரு கட்டத்தில் எழுதினார்.

"திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணி. ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் பழைய ஷிப்ட்தான்."

"எழுதினதை ஒரு நகல் கொடுங்க சார்" என்றான் துழாவி. அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பள்ளிக்கூட கேட்டில் நின்றான். காவல்காரர் அவனைச் சந்தேகத்தோடு பார்த்து, யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகளே ஓடிவந்து அடையாளம் காட்டவேண்டியிருந்தது. வழி முழுக்க அவள் வாய் மூடவில்லை.

வீட்டில் மச்சான் சோபாவில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, மணி மூணாச்சா? குழந்தையை..." என்று செருப்பைத் தேடினவர், குழந்தை எதிரே நிற்பதைப் பார்த்தார்.

"இனி அப்பாதான் வருவாங்க மாமா. உங்களுக்கு வேலை இல்லை" என்றாள் அவள்.

குழந்தை வெறும் செய்தியாகத்தான் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் எட்டு மாசமாக யாரும் வாயெடுத்துச் சொல்லாத வாக்கியம் அது. மச்சான் சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார். முகம் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"அப்ப நான் எதுக்கு மாப்ளே இங்க இருக்கணும்? கிளம்பறதுதானே முறை?"

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் பழக்கம் இருந்தது. முன்பும் இரண்டு மூன்று தடவை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். 'சேச்சே, என்ன மச்சான் இது, இருங்க, உங்க வீடு மாதிரி' என்று துழாவி பதறிக்கொண்டு சொல்வது வழக்கம்.

இப்போதும் அந்த வார்த்தைகள் வரிசையாகத் தொண்டைக்கு ஏறின. அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பது நிஜம், இருங்க என்பது நிஜமில்லை. அவன் அடுப்படிக்குப் போய் இரண்டு கோப்பை தேநீர் போட்டான். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"பெட்டி அடுக்க நான் ஒத்தாசை பண்றேன் மச்சான். சனிக்கிழமை எனக்கு லீவுதான்."

மச்சான் கண்ணை மூடவில்லை. தேநீரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எப்போதும் ஆடும் அவருடைய கால் நின்றுவிட்டிருந்தது.

"சர்க்கரை கம்மி மாப்ளே" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும் மச்சான்" என்றான் துழாவி.